மருந்துக்கு முன் இலையைத் திருப்பிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் வீட்டுத்தோட்டக் கேள்வி பதில் பகுதியைத் தவறாமல் படிப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். சில வாரங்களுக்கு முன்பு ஒரு வாசகி, தம் வீட்டுக் கொய்யா மரத்தின் இலைகளெல்லாம் கரி பூசியது போலக் கறுத்துவிட்டன, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதிலாக ஒரு பூஞ்சைக்கொல்லியின் பெயரும், ஒரு பூச்சிக்கொல்லியின் பெயரும், லிட்டருக்கு எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்ற கணக்கும் வந்திருந்தன. இலையின் அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மையாரிடம் யாரும் கேட்கவில்லை. மருந்து அடித்தபின் எத்தனை நாள் கழித்துக் காயைப் பறிக்கலாம் என்பதும் அந்தப் பதிலில் இல்லை. பதில் எழுதியவர் விவரம் தெரிந்தவராகவே இருக்கக்கூடும். ஆனால் அவர் மனத்தில் இருந்தது பத்து ஏக்கர் தோப்பு, கேட்டவரிடம் இருந்தது ஒற்றைக் கொய்யா மரம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோவைக்கு மேற்கே புறநகரில் ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். வீட்டைச் சுற்றி இரண்டு தென்னை, ஒரு கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை, முருங்கை, இரண்டு செம்பருத்திச் செடிகள், எப்போதும் ஒன்றிரண்டு பப்பாளி. எங்கள் கொய்யாவும் இதே போல ஒரு கோடையில் கறுத்தது. வரி விளம்பரங்களைப் படிப்பதற்காக வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் கைரேகை போல வட்டம் வட்டமாகச் சுழன்று செல்லும் வெள்ளை மெழுகுக் கோடுகள்; அவற்றினூடே பொடி முட்டைகள்; பக்கத்தில் பஞ்சு ஒட்டியது போன்ற தட்டையான குஞ்சுகள். தொட்டதும் சோம்பலாக எழுந்து பறந்து மறுபடியும் அதே இலையிலேயே வந்து உட்கார்ந்த வெள்ளை ஈக்கள். மேல் இலையின் அடியில் இருக்கும் இந்த ஈக்கள் சாற்றை உறிஞ்சிவிட்டு, தேன் போன்ற இனிப்புக் கழிவைச் சொட்டுகின்றன. அது கீழ் இலையின் மேற்பக்கத்தில் விழுந்து படிகிறது. அந்த இனிப்பில் வளர்வதுதான் கரும்பூசணம். அது இலைக்குள் நுழைவதில்லை. சர்க்கரைப் பாகின் மேல் பூத்த பூஞ்சைதான். ஈரத் துணியால் துடைத்தால் கீழே பச்சை இலை அப்படியே இருப்பதைக் காணலாம். இதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது, கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

அந்த வெள்ளை ஈயின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ நம் நாட்டில் முதன்முதலாக 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில்தான் கண்டறியப்பட்டது. பதறிப்போன தோப்புக்காரர்கள் பலர் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தார்கள். ஆனால் இந்த ஈக்குஞ்சின் உடலுக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று முடிக்கும் என்கார்சியா என்ற நுண்குளவி, யாரும் இறக்குமதி செய்யாமலேயே தோப்புகளில் தென்பட்டது. மருந்து அடிக்காத இடங்களில் அது பெருகியது. அடித்த இடங்களில் ஈக்கு முன்னால் குளவி செத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஈக்கு எதிராக இரசாயன மருந்து வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதனால்தான்.

இப்போது அந்தக் கொய்யா இலைக்கே திரும்புகிறேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே சில குஞ்சுகள் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தன. சிலவற்றின் முதுகில், ஊசியால் குத்தியது போல வட்டமான துளை. குளவி உள்ளே வளரும்போது ஈக்குஞ்சு கறுத்துவிடுகிறது. வளர்ந்த குளவி முதுகைக் கடித்துத் துளையிட்டு வெளியேறுகிறது. ஆக, இலையின் மேற்பக்கத்துக் கறுப்பு நோயின் அடையாளம். அடிப்பக்கத்துக் கறுப்போ குணமாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாததால்தான் நம் வீட்டுத் தோட்டங்களில் பாதி விஷம் அடிக்கப்படுகிறது என்று நான் நினைக்கிறேன். மதில் சுவருக்கு அப்பால் இருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள், அவர் வீட்டு வாசலில் இரு சக்கர வண்டியில் விசைத்தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பவர் வந்து நின்றுவிட்டார். ஒரு மணி நேரத்தில் கொய்யா, மா, சப்போட்டா, துணி காயப்போடும் கொடி எல்லாம் நனைந்தன. இரண்டு வாரம் மரம் பளிச்சென்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் மரத்தில் ஈ முன்னைவிட அதிகமாகியிருந்தது. நான் தண்ணீர்க் குழாயை விரலால் அழுத்திப் பிடித்து, அடி இலைகளில் வாரத்துக்கு இரண்டு முறை பீய்ச்சியடித்ததோடு நிறுத்திக்கொண்டேன். குளவி தெரிந்த இலைகளைத் தொடவில்லை. மழைக்காலம் வந்தபோது எங்கள் மரம் தேறிவிட்டது. அதற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணமென்று சொல்லமாட்டேன். மழையும் இந்த ஈயைக் குறைக்கும்.

கறுப்புப் படிவத்தைப் போக்கவும் விஷம் தேவையில்லை. லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு என்ற கணக்கில் பசை காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டி, வெயில் நாளில் இலையின் மேல் தெளித்தால், காய்ந்ததும் அது கரும்பூசணத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு செதில் செதிலாக உதிர்ந்துவிடும். பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைதான் இது. சமையலறையிலேயே கிடைப்பதாலோ என்னவோ பலருக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தடியில் தொங்கவிட்டால் ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்வதையும் கண்ணால் காணலாம். ஒட்டிய ஈக்களைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் தடவ வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

2008ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் பப்பாளி மரங்களில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, சாலையோரப் பூண்டுகள் என்று அது ஏறாத செடி இல்லை. அதன் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகில் மருந்து ஒட்டாமல் வழிந்தோடியது. 2010ஆம் ஆண்டு அந்தப் பூச்சியின் இயற்கை எதிரிகளான மூன்று வகைக் குளவிகள் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு தருவிக்கப்பட்டு, பெங்களூரிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தில் பெருக்கப்பட்டு, தமிழகத்தில் விடப்பட்டன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது கடுகில் பாதிகூட இராது. மனிதரைக் கொட்டவும் தெரியாது. வயலில் விடப்பட்ட ஓராண்டுக்குள் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. இன்றும் எங்கள் பப்பாளியில் எப்போதாவது நான்கைந்து மாவுப்பூச்சிகள் தெரியும். சில நாளில் காணாமல் போகும். அந்த வேலையை இன்னமும் அந்தக் குளவியின் சந்ததிதான் பார்த்துவருகிறது என்பது என் எண்ணம். ஆண்டு முழுவதும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் இவற்றின் மேல்தான் நாம் விசைத்தெளிப்பானைத் திருப்புகிறோம்.

மாவுப்பூச்சியைப் பற்றிச் சொல்லும்போது எறும்பை விட்டுவிட முடியாது. செம்பருத்தியின் தண்டில் எறும்புச் சாரை ஏறுவதைக் கண்டால், மேலே எங்கோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறதென்று பொருள். இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அவற்றை மாடு மேய்ப்பது போல மேய்க்கின்றன. கிட்டே வரும் குளவிகளையும் பொறிவண்டுகளையும் விரட்டியடிக்கின்றன. அடித்தண்டில் ஒரு துணியையோ பாலித்தீன் தாளையோ சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறுவது நிற்கும். தரையைத் தொட்டுக்கொண்டும் மதிலில் சாய்ந்துகொண்டும் இருக்கும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு வழியாக ஏறிவிடும். பிறகும் பூச்சி இருந்தால் வேப்பெண்ணெய் போதும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய். ஆனால் எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் அது மிதந்து, ஓர் இலையில் வெறும் தண்ணீரும் மறு இலையில் வெறும் எண்ணெயுமாக விழுந்து இலையைக் கருக்கிவிடும். முதலில் எண்ணெயோடு சிறிது சோப்புக் கரைசலைச் சேர்த்துப் பால் போல் வெளுக்கும்வரை நன்றாகக் குலுக்கி, அதன்பின் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். வேப்பெண்ணெய் பலிக்கவில்லை என்று சொல்கிற பத்துப் பேரில் எட்டுப் பேராவது உச்சி வெயிலில் இலையின் மேற்பக்கத்தில் அடித்தவர்களாக இருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பொறுத்திருந்து பார் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. சிவப்புக் கூன்வண்டு தென்னையில் புகுந்துவிட்டால் ஒரு நாள் தாமதமும் தாமதம்தான். தண்டில் சிறு துளை, அதிலிருந்து வடியும் பழுப்பு நிறச் சாறு, துளையின் வாயில் மென்று துப்பிய நார், காதை ஒட்டிவைத்துக் கேட்டால் உள்ளே கறுக் கறுக்கென்ற சத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே விவரமறிந்தவரை அழைத்தாக வேண்டும். குருத்து சாய்ந்தபின் மரம் பிழைப்பது அரிது. இந்த வண்டு மரத்தில் பட்ட பச்சைக் காயத்தின் வாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்பது வீட்டுத் தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான செய்தி. மின்கம்பியில் படுகிறது, கார் மேல் விழுகிறது என்று பச்சை மட்டைகளை அடியோடு வெட்டுகிறோம். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி செதுக்குகிறோம். மட்டையை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து மூன்று நான்கு அடி விட்டு வெட்ட வேண்டும். காண்டாமிருக வண்டு குருத்தில் போட்ட ஓட்டையும் இதற்கு வாசலாகிவிடுகிறது. விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள் தெரிந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. மேல் மூன்று மட்டை இடுக்குகளில் மணலையும் வேப்பங்கொட்டைத் தூளையும் இரண்டுக்கு ஒன்றாகக் கலந்து வைப்பது பழைய முறை. ஆனால் அந்த வண்டு பிறப்பது மட்டையிடுக்கில் இல்லை, நாமே கொல்லையில் குவித்துவைத்திருக்கும் மட்கிய எருவிலும் சருகிலும்தான். எருக்குழியைக் கிளறி வெண்ணிறப் புழுக்களைப் பொறுக்காமல் மரத்தை மட்டும் கவனிப்பதில் பயனில்லை.

மாமரத்தின் தண்டில் மரத்தூள் தள்ளியிருந்தால் அதுவும் காத்திருக்கக்கூடிய விஷயமன்று. உள்ளே தண்டுதுளைப்பான் புழு இருக்கிறது. வளைந்த கம்பியை விட்டு இழுத்துக் கொன்று, துளையை ஈர மண்ணால் அடைக்க வேண்டும். எலுமிச்சையில் சொறிநோய்க்கு நோயுற்ற குச்சிகளைக் கழித்துவிட்டு ஒரு சத போர்டோ கலவை அடிப்பதுண்டு. வீட்டளவுக்கு 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டரிலும் 100 கிராம் சுண்ணாம்பை 5 லிட்டரிலும் தனித்தனியே, பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே அடித்துத் தீர்த்துவிட வேண்டும். அதே எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்து, பின்னர் பச்சையாகத் தடிக்கும் புழு வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. செடி சிறிதாக இருந்தால் கையால் எடுத்துவிடலாம். பெரிய மரத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. (சீண்டினால் கழுத்திலிருந்து சிவந்த கொம்பை நீட்டி ஒரு வாடை வீசும். என் பேத்திக்கு அதுதான் விளையாட்டு.)

தெருவில் நிற்கும் வேப்பமரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் மழைக்காலத்தை ஒட்டி வேம்பின் கொழுந்துகளெல்லாம் தீய்ந்தது போலக் காய்ந்து தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தேயிலைக் கொசு என்றழைக்கப்படும் நாவாய்ப்பூச்சி இளந்தளிரைக் குத்திச் சாறு உறிஞ்சுவதும், நுனிக்கருகல் உண்டாக்கும் ஒரு பூஞ்சையும் இதற்குக் காரணங்கள். எங்கள் தெருவில் அப்படிக் காய்ந்த இரண்டு மரங்களில் ஒன்றைப் பட்டுப்போனதென்று சொல்லி வெட்டிவிட்டார்கள். மற்றதை வெட்ட ஆள் கிடைக்காததால் விட்டுவைத்தார்கள். பங்குனியில் அது செந்தளிர் விட்டுத் தழைத்தது. முப்பது அடி மரத்துக்குத் தெருவில் நின்று மருந்து அடிப்பதென்பது, மரத்துக்குச் சேர்வதைவிட அதிகமாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சேர்வதுதான். வேம்பை வெட்டுமுன் கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாலே போதும், உள்ளே பச்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, விஷத்தைப் பற்றி ஒரு சொல். மோனோகுரோட்டோபாஸ் என்ற கடும் பூச்சிக்கொல்லியைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. ஆனால் தென்னைக்கு வேரில் கட்டுவதற்கென்று, அதாவது வேரின் நுனியைச் சீவி மருந்துப் பைக்குள் விட்டுக் கட்டுவதற்கென்று, அது நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டுவந்தது. கட்டிய பின் 45 நாள்களுக்கு அந்த மரத்தில் காயோ இளநீரோ இறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. தோப்புக்காரருக்கு அது தெரியும். அவருக்கு வெட்டு நாளும் கணக்காக வரும். வீட்டு மரத்துக்கு அப்படி வெட்டு நாள் ஏது? நான் சொன்ன அதே நண்பரின் வீட்டில் வேரில் மருந்து கட்டிய எட்டாம் நாள் இளநீர் இறக்க ஆள் வந்துவிட்டார். தற்செயலாக நான் வாசலில் நின்றதால் தடுக்க முடிந்தது. கட்டியவர் என்ன மருந்து என்பதையும் சொல்லவில்லை, எத்தனை நாள் என்பதையும் சொல்லவில்லை. மீந்ததை ஒரு பழைய தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மருந்துப் புட்டியின் மேல் கடுமையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணக் குறிகளைச் சட்டம் எதற்காகக் கட்டாயமாக்கியிருக்கிறதோ, அது தண்ணீர்ப் புட்டிக்கு மாற்றிய நொடியிலேயே போய்விடுகிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் சிறியதுதான். தோட்டப் பகுதிக்குக் கேள்வி அனுப்புகிறவர்களிடம் இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். படம் தெளிவாக இல்லையென்றால், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்துக்கோ வழிகாட்டிவிடுங்கள். தவறான மருந்தின் பெயரைவிட அது மேல். மருந்து சொல்லியே ஆக வேண்டிய இடத்தில், புட்டியின் முக்கோணம் என்ன நிறம், தெளித்தபின் எத்தனை நாள் காய், கீரை, இளநீர் எதையும் தொடக் கூடாது என்ற இரண்டு வரிகள் இல்லாமல் அந்தப் பதிலை அச்சேற்ற வேண்டாம். இடம் போதவில்லையென்றால் மருந்தின் பெயரை எடுத்துவிட்டு அந்த இரண்டு வரிகளைப் போடலாம்.

அந்தக் கொய்யா மரத்து வாசகி இன்னும் மருந்து அடிக்காமல் இருந்தால், இந்தக் கடிதத்தின் மூன்றாம், ஐந்தாம் பத்திகளை மட்டுமாவது வெளியிட்டால் அவருக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.